நடுவில் உட்கார்ந்தவள்

எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ச் மாதம் ஒரு சந்திப்பு உண்டு. மிச்சமுள்ள வருடங்களில் என்ன படிப்பது, பள்ளி முடிந்தபின் எந்தப் பக்கம் போவது என்று பிள்ளையும் பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். யாகிமா பள்ளத்தாக்கில் பாதிப் பெற்றோர் ஸ்பானிஷ் மட்டுமே பேசுகிறவர்கள்; ஆப்பிள் தோட்டத்திலும், பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கிற பேக்கிங் ஷெட்டிலும் வேலை செய்பவர்கள். அன்றைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு பள்ளி வராந்தாவில் வரிசையாக நிற்பார்கள்.

ரெமெடியோஸும் அப்படித்தான் வந்திருந்தாள். பூப்போட்ட சட்டையை இஸ்திரி போட்டு, கல்யாணத்துக் காதணியை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு. பைக்குள் தமாலே இருந்தது. சோள மாவுக்குள் பன்றிக்கறி வைத்து மடல் சுற்றி அவித்தது. பக்கத்தில் நின்ற மகள் யாரெலிக்கு அந்த வாசனை வராந்தா முழுக்க வீசுவதாகத் தோன்றியது.

"அம்மா, அந்தப் பையை வண்டியிலேயே வெச்சிட்டு வாயேன்."

"எதுக்கு? சூடா இருக்கு. மிஸ் காலையிலேருந்து பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போயிருப்பாங்க."

"யாருமே சாப்பாடு கொண்டுட்டு வரலம்மா. பாரு."

"அப்ப நான் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு."

யாரெலிக்குப் பதினாறு வயது. வாலிபால் அணியில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் ஆட்டத்துக்கு முன்னால் தலை பின்னிவிடுவது அவள்தான். அவளும் அவள் தோழி டானேயும் அடுத்த வருடம் தொழிற்பயிற்சி மையத்தில் பியூட்டிஷியன் கோர்ஸ் சேர்வதென்று எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். தினமும் காலையில் பள்ளி பஸ்ஸே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரும். இதை அவள் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. ரெமெடியோஸோ மகள் நர்ஸ் ஆகப் போகிறாள் என்று ஷெட்டில் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெல்ட்டில் ஓடும் ஆப்பிள்களை அவளோடு நின்று தரம் பிரிக்கிற பெண்கள் அவளை நர்ஸம்மாவோட அம்மா என்றே கூப்பிட்டார்கள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று யாரெலி தள்ளிப்போட்டதில் சந்திப்பு நாளே வந்துவிட்டது.

ஆலோசகர் மிஸ் ஹால்வர்சன் உயரமான, சிவந்த முகக்காரப் பெண்மணி. பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தும் ஸ்பானிஷ் அவருக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. மொழிபெயர்த்துச் சொல்ல ஆபீஸில் நெலி அத்தை இருந்தாள். பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு அவள் அத்தைதான். ஆனால் அன்று அவளை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ஆளாளுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பவரைக் கூப்பிடலாம். அதற்கும் காத்திருக்க வேண்டும். மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீயே சொல்லிடுவியா யாரெலி? உன் இங்கிலீஷ் என்னோடதை விட நல்லா இருக்கு."

யாரெலி தலையாட்டினாள். அவளுக்கு இது புதிதல்ல. வங்கியில், ஆஸ்பத்திரியில், வீட்டுக்காரரிடத்தில் என்று சின்ன வயதிலிருந்தே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாயாக இருந்தவள் அவள்தான். அதில் கொஞ்சம் பெருமையும் நிறையச் சலிப்பும் இருந்தது.

மிஸ் உற்சாகமாக ஆரம்பித்தார். "உங்க பொண்ணு கணக்குல வகுப்புலேயே முதல். கெமிஸ்ட்ரியும் அருமையாப் பண்றா. அடுத்த வருஷத்துலேருந்தே இவ ஸ்கூல்ல இருந்துக்கிட்டே காலையில காலேஜுக்குப் போய்ப் படிக்கலாம், பீஸ் கிடையாது. நர்ஸிங் போறதா இருந்தா அதுதான் நேர் வழி. இன்னொண்ணு பியூட்டிஷியன் கோர்ஸ். அதுவும் நல்ல படிப்புதான். ரெண்டும் காலை நேரம், அதனால ஒண்ணைத்தான் எடுக்க முடியும். வீட்ல பேசினீங்களா?"

யாரெலி அம்மா பக்கம் திரும்பி ஸ்பானிஷில் சொன்னாள்: "நான் நல்லாப் படிக்கிறேனாம்."

"அவ்வளவு நேரம் பேசினாங்க. இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ரெமெடியோஸ் நாற்காலி நுனிக்கு நகர்ந்துகொண்டாள். பிறகு நேராக மிஸ்ஸைப் பார்த்தே பேசினாள். யாரெலிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் அப்பாவுக்குத் தோட்டத்துக் கத்தி உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. பெரியவர்கள் எல்லாரும் அலறிக்கொண்டு நிற்க, இந்தப் பெண் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக் கட்டி, ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் லாரியில் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். டாக்டர் இதைக் கட்டினது யார் என்று கேட்டார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது மிஸ், இவள் எதற்குப் பிறந்தவள் என்று. ரெமெடியோஸ் தன் கையையே சுற்றிக் கட்டிக் காட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மிஸ் யாரெலியைப் பார்த்தார். யாரெலிக்கு முகமெல்லாம் சுட்டது. சட்டையில்லாமல் லாரியில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையை இந்த அறைக்குள் கொண்டுவர அவளுக்கு மனமில்லை.

"தேங்க்ஸ் சொல்றாங்க," என்றாள்.

மிஸ் சிரித்துவிட்டார். "ஸ்பானிஷ்ல தேங்க்ஸ் சொல்ல இவ்வளவு நேரம் ஆகுமா?"

யாரெலியும் சிரித்தாள். இருவரும் சிரிப்பதைப் பார்த்து ரெமெடியோஸும் ஈரக் கண்ணோடு கூடச் சிரித்தாள்.

"கேளு, கண்ணு," என்றாள் அம்மா. "நர்ஸ் படிப்புக்கு எப்பச் சேரணும்னு கேளு."

யாரெலி மிஸ் பக்கம் திரும்பினாள். "பியூட்டிஷியன் கோர்ஸுக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்குறாங்க."

"ஓ! அப்ப வீட்ல முடிவே பண்ணிட்டீங்களா?"

"ஆமா, மிஸ்."

"உன் மார்க்குக்கு... நிச்சயமாத்தானே?"

"எனக்கு அதுதான் பிடிக்கும்." அது மட்டும் உண்மை.

பிறகு அம்மாவிடம் திரும்பினாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அந்த நொடி வரைக்கும் அவளுக்கே தெரியாது. "நர்ஸிங்குக்கு என் கணக்கு மார்க் பத்தாதாம்மா."

ரெமெடியோஸின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எடுத்துவிட மறந்தவள் மாதிரி இருந்தாள். "வேற வழியே இல்லையாமா?"

"இல்லையாம். பியூட்டிஷியன் கோர்ஸ்ல இடம் தர்றாங்களாம்."

ரெமெடியோஸ் எழுந்து மிஸ்ஸின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நன்றி மிஸ், இவளுக்கு உதவி செய்ததற்கு நன்றி என்றாள். பையை நீட்டினாள். மிஸ் திறந்து முகர்ந்து பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி கூவினார். மகள் லாயக்கில்லை என்று சொல்லிவிட்டதாக நம்பிய ஒருத்திக்கே அம்மா சாப்பாடு கொடுப்பதை யாரெலி பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஏதோ கல்லூரியின் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெமெடியோஸ் பாதி வழி வரைக்கும் வண்டியை ஓட்டி வந்தாள். பிறகு, "பரவாயில்ல கண்ணு. நானும் கணக்குல மக்குதான்," என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ரோட்டில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் இலையில்லாத ஆப்பிள் மரங்கள்தான். யாரெலி ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

மறுநாள் டானேயிடம் சொன்னபோது அவள் முதலில் கைதட்டினாள். "பெரிய கில்லாடிடி நீ!" பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்கம்மா அப்படியே நம்பிட்டாங்களா? எங்கம்மாகிட்ட நான் மணி என்னன்னு சொன்னாலே போய்க் கடிகாரத்தைப் பார்த்துட்டுத்தான் வருவாங்க," என்றாள். யாரெலிக்குச் சிரிப்பு வரவில்லை.

நாள் போகப் போகச் சொல்வது கடினமாகத்தான் ஆயிற்று. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகையில் ஷெட்டில் வேலை பார்க்கிற ஒருத்தி, "என்ன, நம்ம நர்ஸம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"அந்தப் பேச்சை விடு," என்றாள் ரெமெடியோஸ். "முடி வெட்டுற படிப்புக்குப் போறா. கணக்கு வரல. எல்லாம் என்னாலதான்."

பின்னால் வந்த யாரெலிக்கு அது காதில் விழுந்தது. என்னாலதான் என்று அம்மா ஏன் சொல்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. அந்த வாரமே ரெமெடியோஸ், சர்ச்சில் ஒரு பையன் சனிக்கிழமை கணக்குச் சொல்லித் தருகிறானாம், போய்ப் பார் என்றாள். வேண்டாம் என்று யாரெலி எரிந்து விழுந்தாள். கணக்கு என்றாலே மகளுக்கு மனம் புண்படுகிறது என்று நினைத்து அம்மா அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளை நெருங்குகிற நேரம், யாரெலியை ஆலோசகர் அறைக்கு வரச் சொல்லி வகுப்புக்கு ஆள் வந்தது. வாசலிலேயே நெலி அத்தை நின்றிருந்தாள்.

"வா. உங்கம்மா வந்திருக்காங்க."

ரெமெடியோஸ் ஷெட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் ஈர ஏப்ரன், தலையில் முடி விழாமல் இருக்கப் போடுகிற வலை. மகளைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். "இவ எதுக்கு? நான் உங்ககிட்டத் தனியாப் பேசத்தான் வந்தேன்."

"யாரெலியோட படிப்புதானே, அவளும் இருக்கட்டும்," என்றார் மிஸ். நெலி அத்தை அதை ஸ்பானிஷில் சொன்னாள்.

ரெமெடியோஸ் கொஞ்ச நேரம் ஏப்ரன் நுனியைப் பிசைந்தாள். பிறகு மகள் பக்கம் பார்க்காமல் பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் நெலி அத்தை அப்படியே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல வரல, மிஸ். உங்களுக்குத் தெரியாததா? ஆனா இவ கணக்குல பின்தங்கினதுக்குக் காரணம் நான். இவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப மே மாசம் வந்தாலே ஸ்கூல்லேருந்து நிறுத்திக் கூட்டிட்டுப் போயிடுவோம், கலிஃபோர்னியாவுக்கு, செர்ரி பறிக்க. மத்தப் பிள்ளைங்க வாய்ப்பாடு படிச்சப்ப இவ மரத்தடியில பெட்டி மேல உட்கார்ந்து எங்களைப் பார்த்துட்டிருந்தா. அது எங்க தப்பு. அதுக்குத் தண்டனை இவளுக்கு வேண்டாம். வேணும்னா ஒரு வகுப்பு கீழே போடுங்க. திரும்பப் படிக்கட்டும். ஊர்ல என்ன பேசினாலும் நான் வெக்கப்பட மாட்டேன். நர்ஸ் படிப்புக்கு இன்னும் ஒரே ஒரு தடவை இவளைச் சேர்த்துப் பாருங்க."

மிஸ் ஹால்வர்சன் நெற்றியைச் சுருக்கினார். "இருங்க, இருங்க. கணக்குல பின்தங்கிட்டாளா? யார் சொன்னது? இவதானே முதல் மார்க்? காலேஜுக்குப் போகச் சொன்னதே நான்தானே?"

நெலி அத்தை அதை ஸ்பானிஷில் சொல்ல வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள். மெல்ல யாரெலி பக்கம் திரும்பினாள். அந்த ஆபீஸில் பிள்ளைகளின் எத்தனையோ தில்லுமுல்லுகளைப் பார்த்தவள் அவள்.

"இதை நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "நீ சொல்லு."

"என்ன? என்ன சொல்றாங்க?" என்று ரெமெடியோஸ் மாறி மாறிப் பார்த்தாள்.

யாரெலி அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா... மிஸ் அப்படிச் சொல்லல."

"எப்படி?"

"மார்க் பத்தாதுன்னு. அவங்க சொல்லல. நான்தான் சொன்னேன்."

"அப்ப உன் மார்க்கு?"

"நல்ல மார்க்கும்மா. முதல் மார்க்."

ரெமெடியோஸின் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் யாரெலியால் பிறகு எந்நாளும் மறக்க முடியவில்லை. அம்மா கோபப்படவில்லை, முதலில் சந்தோஷப்பட்டாள். நெலி அத்தையின் கையைப் பிடித்து உலுக்கினாள். "முதல் மார்க்கா? நிஜமா? மிஸ்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க!" நெலி அத்தை ஆமாம் என்று தலையசைத்தாள். ரெமெடியோஸ் நெற்றியிலும் நெஞ்சிலும் விரல் வைத்துச் சிலுவை போட ஆரம்பித்தாள். இடது தோளில் அந்தக் கை நின்றுவிட்டது.

அப்போதுதான் மற்றது அவளுக்குப் புரிந்தது.

கையை இறக்கினாள். தான் உடுத்தியிருப்பதைக் குனிந்து பார்த்தாள். தலையிலிருந்த வலையைக் கழற்றிச் சுருட்டி ஏப்ரன் பைக்குள் வைத்தாள். "அப்ப நான் இங்க வந்து இவ்வளவும் பேசினது..." என்று ஆரம்பித்து முடிக்காமல் எழுந்தாள். "மன்னிச்சிருங்க மிஸ். உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்."

மிஸ்ஸின் சிவந்த முகம் இன்னும் சிவந்திருந்தது. "நீங்க ஏன் மன்னிப்பு கேக்குறீங்க? தப்பு என்னோடது. உங்க பொண்ணை நடுவுல உட்கார வெச்சிருக்கவே கூடாது. எனக்குத் தெரியும். நேரமாச்சேன்னு செஞ்சேன்."

நெலி அத்தை சொல்லி முடித்ததும் ரெமெடியோஸ், "பொய் சொன்னது நீங்க இல்லையே," என்றாள். "பெல்ட் ஓட ஆரம்பிச்சிருக்கும். நான் வர்றேன்." ரப்பர் பூட்ஸ் வராந்தா முழுக்கச் சத்தமிட்டுக்கொண்டு போயிற்று.

யாரெலி வெளியே வந்து சுவரோரமாக நின்று அழுதாள். நெலி அத்தை அவளைத் தேற்றவில்லை.

"என்கிட்ட அழாதே. டிஷ்யூ வாங்கக்கூட இந்த ஸ்கூல்ல காசு தர மாட்டாங்க." கொஞ்சம் விட்டு, "அந்த அம்மா சொல்லச் சொல்ல, அதைத் திருப்பிச் சொல்ல எனக்கே நாக்கு கூசிச்சுடி. பொய்யின்னு தெரியாம நான் வேற சொல்லிட்டிருந்தேன்," என்றபடி உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் யாரெலியே ரொட்டி சுட்டு, பயறு வேகவைத்து எடுத்து வைத்தாள். அப்பா எவரார்டோ மாட்டுப்பண்ணையில் மாலைப் பால் கறவைக்குப் போகிறவர். சாப்பிடும்போது இருவர் முகத்தையும் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க?"

"பல் வலி," என்றாள் ரெமெடியோஸ்.

"ரெண்டு பேருக்குமா?"

"ஒரே குடும்பம்தானே."

அவர் சிரித்துக்கொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா பாத்திரம் கழுவ, யாரெலி துடைத்து வைத்தாள்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"பண்ணையில உன்னைப் பத்தி அவர் எவ்வளவு பெருமையாப் பேசுறார்னு உனக்குத் தெரியுமா? அது அப்படியே இருக்கட்டும்." ஒரு தட்டைக் கழுவி நீட்டினாள். "முடி வெட்டப் படிக்கணும்னு என்கிட்டச் சொன்னா என்ன?"

"நீ கத்துவே."

"கத்துவேன். ரெண்டு நாள் கத்துவேன். மூணாம் நாள் தொண்டை கட்டிக்கும். அப்புறம்?"

யாரெலி அந்தத் தட்டை வாங்கித் துடைத்தாள்.

"பொய்கூடப் பரவாயில்ல. நானும் எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். ஆனா அன்னிக்கு நான் பேசி முடிச்சதும் நீயும் மிஸ்ஸும் சிரிச்சீங்களே. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேனே. எதுக்குச் சிரிச்சோம்?"

வேறு எதையாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் யாரெலிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைக் கூச வைத்தது.

"தேங்க்ஸ் சொல்ல இவ்வளவு நேரமான்னு மிஸ் கேட்டாங்க."

"நான் தேங்க்ஸா சொன்னேன்?"

"இல்ல. அப்பா கையை நான் கட்டினதைச் சொன்னே."

"அதைச் சொல்ல உனக்கு வெக்கமா இருந்துச்சா?"

"ஆமா."

"அந்தக் கதையை நினைச்சா வெக்கம், இல்ல அதைச் சொன்ன என்னை நினைச்சா?"

யாரெலி கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது. ரெமெடியோஸ் குழாயை மூடினாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

மே மாதம் இன்னொரு சந்திப்பு வேண்டும் என்று ரெமெடியோஸே நெலி அத்தையிடம் சொல்லி ஏற்பாடு செய்தாள். இந்த முறை மேஜை நடுவில் தொலைபேசி இருந்தது. அதிலிருந்து ஒரு ஆண்குரல், எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு வணக்கம் சொன்னது. மார்ச்சில் சொன்ன கதையை ரெமெடியோஸ் முதலிலிருந்து சொன்னாள்: கத்தி, லாரி, கழற்றிக் கட்டிய சட்டை, டாக்டர் கேட்ட கேள்வி. அந்த முன்பின் தெரியாத மனிதர் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். ஓரிடத்தில் அவர் குரலே தடுமாறியது. மிஸ் ஹால்வர்சன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யாரெலி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இவளுக்கு என்ன வேணும்னு இவளே சொல்லட்டும்," என்றாள் ரெமெடியோஸ்.

"காலேஜுக்கே போறேன்," என்றாள் யாரெலி சட்டென்று. "நர்ஸ் படிக்கிறேன்."

"எனக்கு அபராதம் கட்டுறதுக்காக நர்ஸ் ஆகாதே. என்னை நினைச்சு உன் கை நடுங்கினா ஊசி குத்திக்கிறவன் என்ன பாவம் பண்ணினான்?"

தொலைபேசிக் குரல் அதையும் சொல்லிவிட்டு மெல்லச் செருமியது.

யாரெலி மூச்சு விட்டுக்கொண்டாள். "நர்ஸ் ஆகணுமான்னு எனக்குத் தெரியல. தலை பின்னப் பிடிக்கும். டானே கூட இருக்காங்கிறதும் ஒரு காரணம். காலேஜ்னா பயமா இருக்கு. அங்க எல்லாரும் பெரியவங்க. ஏதாவது புரியலைன்னா யார்கிட்டக் கேக்கிறதுன்னு தெரியாது."

"இதை மட்டும் மார்ச்சுலயே..." என்று ஆரம்பித்த மிஸ் நிறுத்திக்கொண்டார். "அன்னிக்கு நானும் உன்னை இதைக் கேக்கல. தெரியலைன்னு சொல்றதும் ஒரு பதில்தான். அதை வெச்சும் திட்டம் போடலாம்."

போட்டார்கள். பதினோராம் வகுப்பில் காலையில் பியூட்டிஷியன் கோர்ஸ். மதியம் பள்ளியிலேயே மேல்கணக்கும் உயிரியலும். அடுத்த மார்ச்சில் மறுபடி பேசி, மனம் மாறினால் காலேஜ். எதுவும் கைவிட்டுப் போய்விடவில்லை. எல்லாம் பேசி முடிந்தபின் ரெமெடியோஸ் ஒன்று கேட்டாள். "பஸ் எத்தனை மணிக்கு?" யாரெலியின் காது மடல் எரிந்தது. அம்மா அதை வேண்டுமென்றே கேட்கவில்லை. மார்ச்சில் அவள் பெயரால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஷெட்டில் ரெமெடியோஸ் வேறு விதமாகச் சொல்லிவிட்டாள். "என் பொண்ணு கணக்குல முதல். அந்த மிஸ் சொன்னதை நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்." பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இத்தனை வருஷமாச்சு, இங்கிலீஷ் இன்னும் ஏறலையா என்றார்கள். பூசைக்குப் பிறகு ஒருத்தி அதை யாரெலியிடமே வந்து சொல்லிச் சிரித்தாள். யாரெலி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சற்றுத் தள்ளி நின்ற அம்மா பேசாதே என்று கண்ணாலேயே அடக்கினாள்.

அதற்குப் பிறகு ரெமெடியோஸ் மகளை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. திட்டவில்லை, பேச்சையும் குறைக்கவில்லை, கோர்ஸுக்கு வேண்டிய கத்தரிக்கோலைத் தானே கடையில் தேடி வாங்கி வந்தாள். ஆனால் வீட்டுக்காரர் வந்தால் கையைக் காட்டிப் பேசினாள். வங்கியில் ஸ்பானிஷ் தெரிந்த ஆள் வரும்வரை காத்திருந்தாள். "நான் கேக்கட்டுமாம்மா?" என்றால், "வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்," என்பாள். அதில் குத்தலே இருக்காது. எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டு செய்த வேலையை இப்போது யாரும் கேட்பதில்லை. யாரெலி பக்கத்தில் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள்.

அந்த இலையுதிர் காலத்தில், ஆப்பிள் வரத்து உச்சத்தில் இருந்தபோது, ரெமெடியோஸுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டி வந்தவள் யாரெலி. அறைக்குள்ளும் கூட வந்தாள். இளம் டாக்டர் ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். இந்தத் தடவை ஒரு பெண்குரல்.

ரெமெடியோஸ் சொன்னாள்: நாள் முழுக்க பெல்ட்டில் நின்றுதான் வேலை, கையை உயர்த்தினால் முழங்கை வரை மின்சாரம் பாய்கிறது. எங்கள் ஷெட்டுகளில் பெல்ட்டுக்குச் சொல்கிற வார்த்தையும் கல்யாணத்தில் வாசிக்கிற பேண்டுக்குச் சொல்கிற வார்த்தையும் ஸ்பானிஷில் ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு ஷெட் தெரியாது போலிருக்கிறது. நாள் முழுக்க பேண்டில் வேலை என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் ஆர்வமாக நிமிர்ந்தார். "அப்படியா! என்ன வாத்தியம் வாசிக்கிறீங்க?"

அது ஸ்பானிஷில் வந்ததும் ரெமெடியோஸ் திகைத்துப் போனாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து டாக்டரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். மார்ச்சில் மிஸ் அறையில் பார்த்த அந்தச் சிரிப்பு யாரெலிக்குத் தெரியும். வேறு நாளாக இருந்தால் அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

"அம்மா, நான் சொல்லட்டுமா?"

ரெமெடியோஸ் மகளைப் பார்த்தாள். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"சொல்லு."

யாரெலி டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். அம்மா வாசிப்பது எதுவுமில்லை, ஆப்பிள் ஓடுகிற பெல்ட்டில் நாள் முழுக்க நின்று தரம் பிரிக்கிறாள், கை தூக்கினால் முழங்கை வரை மின்சாரம் பாய்கிற மாதிரி வலிக்கிறது. பெல்ட் எதுவென்று விளக்கியதைத் தவிர, அம்மா சொன்னதோடு எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை.

முடித்ததும் ரெமெடியோஸ் தொலைபேசிப் பக்கம் குனிந்தாள். "நீங்க சொல்லுங்க, இப்ப இவ என்ன சொன்னா?"

யாரெலிக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. அந்தப் பெண்குரல் மகள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக ஸ்பானிஷில் திருப்பிச் சொல்லிற்று. ரெமெடியோஸ் கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, கடைசி வரை கேட்டாள். யாரெலி அசையாமல் நின்றாள். அப்படிச் சரிபார்க்கப்படுவது தனக்கு நியாயம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றாள் ரெமெடியோஸ். கண்ணைத் திறந்து மகள் பக்கம் திரும்பினாள். "ராத்திரி தூங்கவும் முடியலைன்னு சொல்லு."